சென்னை – டொரொண்டோ: 13,400 கிலோமீட்டரும் 20 மணி நேரமும்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னையையும் டொரொண்டோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், கோடு அரேபியாவைத் தாண்டி, சகாரா பாலைவனத்துக்கு மேலே போய், அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து வட அமெரிக்காவில் ஏறும். அந்தப் பாதையில் எந்த விமானமும் போவதில்லை. காரணத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்துப் பார்த்துவிடுவது சுலபம்.

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. சொச்சம். ஆக, நூலில் ஒரு செ.மீ. நீளம் 425 கி.மீ. ஆகும். சென்னையில் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொரொண்டோவில் வைத்து நூலை விறைப்பாக இழுங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே நழுவிப் போய் உட்காரும். போபால் பக்கமாக ஏறி, இஸ்லாமாபாத்தை ஒட்டி, தஜிகிஸ்தான், யூரல் மலைகள், ரஷ்யாவின் வடமேற்கு முனை, கிரீன்லாந்து, வடக்கு கியூபெக் என்று வந்து டொரொண்டோவில் இறங்கும். நடுவில் 73 டிகிரி வடக்கு அட்சரேகையையும் தாண்டிவிடும். அளந்தால் நூல் 31.5 செ.மீ. இருக்கும். அதாவது 13,400 கி.மீ. உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே மிகக் குறுகிய வழி இது. இதைத்தான் பெருவட்டத் தூரம் என்பார்கள்.

இணையத்தில் தேடினால் இதே தூரத்துக்கு மூன்று எண்கள் கிடைக்கும்: 13,390, 8,320, 7,230. மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் பல தூரக் கணிப்பான்களும் கடல் மைலில் பேசுவதால் இந்தக் குழப்பம். இன்னொன்று, பெரும்பாலான தளங்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கும், சில தளங்கள் நகர மையத்திலிருந்து அளக்கும். பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விமான நிலையக் குறியீடு சென்னைக்கு எம்ஏஏ, டொரொண்டோவுக்கு ஒய்ஒய்இசட். இந்த இரண்டையும் போட்டுத் தேடினால் குழப்பமே வராது.

சென்னையிலிருந்து டொரொண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஓரிடத்திலாவது மாறித்தான் ஆகவேண்டும். மாறும் ஊரைப் பொறுத்துத் தூரம் எவ்வளவு கூடும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லண்டன் வழி என்றால் சென்னை–லண்டன் 8,230, லண்டன்–டொரொண்டோ 5,710, மொத்தம் 13,940 கி.மீ. பிராங்பர்ட் வழியிலும் கிட்டத்தட்ட அதே 13,940. துபாய் வழி 2,930 + 11,080, ஆக 14,010. டெல்லி வழி 13,400. டெல்லி அந்த நூலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுற்றே இல்லை. டெல்லியை விட்டுவிட்டால், மற்ற மூன்று வழிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 70 கி.மீ. அதாவது விமானத்துக்கு ஐந்து நிமிடம். "துபாய் போனால் சுத்து, லண்டன் போனால் நேர்" என்று சொல்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நூல் அப்படிச் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு (அவர்கள் எழுத்தில் ரொறன்ரோ) தூரம் 14,000 கி.மீ. சென்னையைவிட 600 கூடுதல். வானத்தில் அது முக்கால் மணி நேரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா வரை தரைவழியாக வருவதற்கு ஆகும் நேரம் இதைவிடப் பல மடங்கு.

தூரத்தை நேரமாக மாற்ற ஒரு கைக்கணக்கு உண்டு. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். ஜெட் விமானம் மேலே 900 கி.மீ. வேகத்தில் போனாலும், ஏறுவதிலும் இறங்குவதிலும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு உருண்டு போகும் நேரமும் டிக்கெட்டில் சேர்ந்தே இருக்கும். சென்னை–துபாய் 2,930 கி.மீ. வகுத்தால் 3.45 மணி, அரை மணி கூட்டினால் 4 மணிக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட்டில் 4 மணி அல்லது 4:15 என்று இருக்கும். துபாய்–டொரொண்டோ இதே கணக்கில் 13.5 வரும், டிக்கெட்டில் 14 மணிக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். லண்டன்–டொரொண்டோ கணக்குப்படி 7.2 மணி. ஆனால் டிக்கெட்டில் 8 மணி வரும்.

அந்த முக்கால் மணி எங்கே போனது? எதிர்க்காற்றில். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் மேல் அது மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்துப் போகவேண்டும், அல்லது விலகிச் சுற்றிப் போகவேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். டொரொண்டோ–லண்டன் 7 மணிக்குள் முடிந்துவிடும். 2020 பிப்ரவரி 9 அன்று ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது இந்தக் காற்றின் தயவில்தான். ஆகவே "போகும்போது 20 மணி, வரும்போது 19 மணி, டிக்கெட்டில் ஏதோ தப்பு" என்று சந்தேகப்பட வேண்டாம்.

காற்றுக்கு அடுத்தபடி நேரத்தைத் தின்பது மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதே வாரத்தில் ஐரோப்பிய, கனடிய விமானங்களுக்கு ரஷ்யாவும் மூடியது. சென்னை–லண்டன் நூலை இழுத்துப் பார்த்தால் கட்ச், பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், பாகு, அசோவ் கடல், தெற்கு உக்ரைன் என்று போகும். கடைசி இரண்டும் இப்போது கிடையாது. தெற்கே துருக்கி, கருங்கடல் பக்கமாக ஒதுங்கிப் போகவேண்டியதால் 10 மணி நேரக் கணக்கு பதினொன்றை நெருங்குகிறது. இந்திய விமானங்களுக்கு வேறு தொல்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் மூடினார்கள். அதன்பின் டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி ஏறின. நூலில் மிகக் குறுகிய வழி டெல்லி வழிதான். கடிகாரத்தில் அது எப்போதும் அப்படி இருப்பதில்லை. வளைகுடாவில் பதற்றம் என்றால் துபாய், தோஹா, அபுதாபி மூன்றும் ஒரே நாளில் பாதிக்கப்படலாம். டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த விமான எண்ணைப் போட்டு, கடந்த பத்து நாட்களில் அது உண்மையில் எத்தனை மணி நேரம் பறந்தது என்று ஃபிளைட் டிராக்கரில் பார்த்துவிடுவது நல்லது. அட்டவணையைவிட அது நம்பகமானது.

இனி டிக்கெட்டைப் படிப்பது. அதில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சென்னைக்கும் டொரொண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. டொரொண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். துபாயில் இந்த வழக்கமே இல்லை. மார்ச் நடுவிலும் அக்டோபர் கடைசியிலும் லண்டன் வழியாகப் போகிறவர்கள், மூன்று மாதம் முன்னே எடுத்த டிக்கெட்டில் இடைநிறுத்த நேரம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும்.

ஒரு மாதிரி: ஜனவரியில் சென்னையில் அதிகாலை 04:15-க்குப் புறப்பாடு, துபாயில் 07:00. துபாயில் 09:00-க்குப் புறப்பாடு, டொரொண்டோவில் அதே நாள் 14:00. காலையில் கிளம்பி மதியம் சேர்ந்துவிட்டது போலத் தெரியும். 04:15-இலிருந்து 14:00 வரை 9 மணி 45 நிமிடம். மேற்கே போவதால் பத்தரையைக் கூட்ட வேண்டும்: 20 மணி 15 நிமிடம். இதுதான் உண்மையான பயண நேரம். சரிபார்க்க: 4:15 பறப்பு, 2:00 காத்திருப்பு, 14:00 பறப்பு. கூட்டினால் அதே 20:15. திரும்பும்போது கழிக்க வேண்டும். செவ்வாய் 14:30-க்கு டொரொண்டோவில் ஏறி, புதன் 20:45-க்குச் சென்னையில் இறங்கினால், கடிகாரத்தில் 30 மணி 15 நிமிடம். பத்தரையைக் கழித்தால் 19:45. நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக +1 என்று இருந்தால் மறுநாள் சேர்கிறது, +2 என்றால் அதற்கும் மறுநாள். இதைக் கவனிக்காமல் விமான நிலையத்துக்கு ஒரு நாள் முன்னாலேயே வண்டியோடு வந்து நிற்கும் சொந்தங்கள் எந்த ஊரிலும் உண்டு.

இந்த 20:15-இல் பறப்பது 18 மணி சொச்சம். அதை யாராலும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது நடுவில் காத்திருக்கும் நேரம் மட்டும்தான். அங்கேதான் 20 மணிப் பயணம் 34 மணி ஆகிறது. மலிவான டிக்கெட் என்று துள்ளிக் குதிப்பதற்கு முன் மொத்த நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் 12 மணி உட்கார வைத்திருப்பார்கள்.

அதற்காக ஒரு மணி நேரத்தில் மாறுவதையும் எடுக்கக் கூடாது. டிக்கெட் எடுக்கும் தளம் அதை விற்கும், ஏனென்றால் அந்த விமான நிலையத்தின் குறைந்தபட்ச மாற்ற நேரத்துக்கு அது குறைவில்லை. ஆனால் விமானத்தின் கதவு புறப்பாட்டுக்குச் சுமார் 15–20 நிமிடம் முன்பே மூடப்படும். முதல் விமானம் அரை மணி தாமதம், நீங்கள் 45-ஆம் வரிசையில், இறங்கவே 20 நிமிடம் என்றால் கதை முடிந்தது. தனியாகப் போகும் இளைஞருக்கு இரண்டு மணி போதும். வயதானவர்கள், கைக்குழந்தை, வீல்சேர் என்றால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டெர்மினல் மாற வேண்டி வந்தால் அதையும் சேர்க்கவேண்டும். அங்கே பிரிட்டிஷ் ஏர்வேஸின் முக்கிய இடம் டெர்மினல் 5, ஏர் கனடா டெர்மினல் 2. நடுவில் பேருந்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை, வரிசை.

எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது தனித்தனி டிக்கெட். சென்னை–லண்டன் ஒரு தளத்தில், லண்டன்–டொரொண்டோ இன்னொரு தளத்தில் எடுத்தால் ஐயாயிரம் பத்தாயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் 'வராத பயணி' மட்டுமே. புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியும் கடைசி ஊர் வரை போகாது. இடையில் வெளியே வந்து எடுத்து, மறுபடி கவுண்டரில் போடவேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். ஒரே பிஎன்ஆர் எண்ணில் இரண்டு விமானமும் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். சென்னை கவுண்டரில் பெட்டிக்குப் போடும் பட்டையில் கடைசிக் குறியீடு ஒய்ஒய்இசட் என்று இருக்கவேண்டும். அங்கேயே நின்று படித்துவிட்டு நகருங்கள். ஒட்டித் தரும் சிறு சீட்டைப் பாஸ்போர்ட்டில் அல்ல, போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டச் சொல்லுங்கள், அதைப் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பட்டையில் எம்ஏஏ என்றே இருந்தாலும், இந்தியாவுக்குள் நுழையும் முதல் ஊர் டெல்லி என்பதால், குடியேற்றம், சுங்கம் இரண்டும் பொதுவாக அங்கேதான். பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்கே ஒன்றரை மணி போகும். உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் பெட்டிக்கு 15 கிலோதான் இலவசம். கனடாவிலிருந்து 23 கிலோ பெட்டி இரண்டோடு வருகிறவர் 31 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கட்டவேண்டியிருக்கும்.

டிரான்சிட் விசா விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள், அவர் பாஸ்போர்ட் வேறு, உங்களது வேறு. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகள் (ஒரே பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகள்) அனைத்திலும் விமான நிலைய டிரான்சிட் விசா அடிப்படை விதி. செல்லுபடியாகும் கனடா விசா அல்லது நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தால் விலக்கு உண்டு. அந்த விலக்கு சர்வதேசப் பகுதிக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு மட்டும். வெளியே வந்து பெட்டி எடுக்கவேண்டும் என்றால் அது உதவாது. அமெரிக்கா வழியாக விலை குறைவாகத் தெரிந்தால், அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போகும் டிரான்சிட் என்று ஒன்று கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மணி நேரம் மாறுவதற்கும் அமெரிக்க விசாவோடு குடியேற்ற வரிசையில் நிற்கவேண்டும்.

அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் வீல்சேரைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். இதில் மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. நீண்ட தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்றால் டபிள்யூசிஹெச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஹெச்எஸ். இருக்கை வரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும் என்றால் டபிள்யூசிஹெச்சி. வெறுமனே "வீல்சேர்" என்று சொன்னால் முதல் வகையைப் போட்டுவிடுவார்கள். இடைநிறுத்தத்தில் பேருந்துப் படிக்கட்டின் முன் போய் நிற்கும்போதுதான் தவறு தெரியும். ஆங்கிலம் வராதவர் என்றால், ஒரு காகிதத்தில் பெயர், விமான எண்கள், கனடாவில் தங்கும் முகவரி, கூப்பிட வேண்டிய எண், சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல் என்று கேட்டால் மசாலா சேர்த்த இந்திய சைவம் வரும். விஜிஎம்எல் என்று போட்டுவிட்டால் பாலும் தயிரும்கூட இல்லாத வீகன் உணவு வரும், பாவம் அவர்கள் 14 மணி நேரம் அதைச் சாப்பிட வேண்டும். இரண்டையும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லியாக வேண்டும்.

பதினான்கு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிவறை வரை நடப்பதும், ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுப்பதும் போதுமான முன்னெச்சரிக்கை. முன்பே உறைவு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அழுத்தக் காலுறை போட்டுக்கொள்ளவேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மேற்கே போகும் நாள் பத்து மணி நேரம் நீண்டுவிடும், கிழக்கே வரும் நாள் சுருங்கிவிடும். எந்த வேளைக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில்.

கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் போடாதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பற்றும் என்று இந்திய விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாயும் நெய்யும் 100 மில்லியைத் தாண்டினால் கைப்பையில் ஏறாது. பவர் பேங்க் இதற்கு நேரெதிர், கைப்பையில் மட்டும்தான். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று, 100 வாட்-அவருக்குள், விமானத்துக்குள் பயன்படுத்தவும் கூடாது. கனடாவில் இறங்கும்போது விதை, செடி, பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி, பால் பொருட்கள் எது இருந்தாலும் படிவத்தில் 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும், சொல்லாமல் மாட்டினால் அபராதம். பத்தாயிரம் கனடிய டாலரும் அதற்கு மேலும் கையில் இருந்தால் அதையும் சொல்லவேண்டும்.

விமானம் தாமதமானால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கனடாவுக்கு வரும், போகும் விமானங்களுக்குக் கனடாவின் பயணிகள் பாதுகாப்பு விதி பொருந்தும். தவறு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்து, பாதுகாப்புக் காரணமும் இல்லையென்றால், பெரிய நிறுவனங்கள் 3–6 மணித் தாமதத்துக்கு 400, 6–9 மணிக்கு 700, அதற்கு மேல் 1,000 கனடிய டாலர் தரவேண்டும். கடைசி ஊருக்கு எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் ஒரு வருடம் வையுங்கள்.

டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையம் உண்மையில் பெரும்பகுதி பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருக்கிறது. நகர மையத்துக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடம். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ரயில் சுற்று. 401 நெடுஞ்சாலையில் காரில் போவதுதான் வழி. நெரிசல் இல்லையென்றால் 40 நிமிடம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகும். விமானம் 14:00-க்கு இறங்கினால், குடியேற்றம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 15:30. சரியாக நெரிசல் தொடங்கும் வேளை. அப்போது சென்னையில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. உடம்பு தூங்கு என்று சொல்லும். வீட்டுக்குப் போய்க் குளித்து, ரசம் சோறு சாப்பிட்டு, எப்படியாவது எட்டரை வரை விழித்திருந்தால் நான்கைந்து நாளில் தூக்கம் சரியாகும். மாலை ஐந்துக்கே படுத்துவிட்டால், இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.